பழைய வீடும் புதிய அறையும்: அனுமதி கேட்ட வரலாறு



விழா மலர் என்றால் கோவில் எழுந்த வரலாற்றை எழுதுவது வழக்கம். அப்பணியை இம்மலரில் வேறு சிலர் செவ்வனே செய்துள்ளனர். ஆகவே நான் கோவிலை விட்டுச் சற்று வெளியே வந்து, அதனைச் சுற்றி நிற்கும் வீடுகளைப் பற்றி எழுதத் துணிகிறேன். நம் புதுச்சேரியில் பாட்டன் முப்பாட்டன் கட்டிய திண்ணை வீடுகளிலும் முற்றம் வைத்த வீடுகளிலும் வாழ்கின்ற குடும்பங்கள் நம் பங்கில் இன்னும் உண்டு. மகனுக்குத் திருமணம் என்றால் ஓர் அறை வேண்டும். முதிய தாய்க்குக் கால் வலி என்றால் படுக்கைக்கு அருகிலேயே குளியலறை வேண்டும். பழைய வீட்டில் இவற்றைச் சேர்ப்பது எப்படி? யாரிடம் அனுமதி கேட்பது? ஏன் கேட்க வேண்டும்? கேள்வி இக்காலத்தது போல் தோன்றினாலும் இதன் வரலாறு மிகப் பழமையானது.

சூனேம் ஊர்ப் பெண்மணி

திருவிவிலியத்தில் ஒரு வீட்டிற்கு அறை சேர்த்த நிகழ்ச்சி உண்டு. அரசர்கள் இரண்டாம் நூல், நான்காம் அதிகாரத்தில் அதனைக் காணலாம். சூனேம் என்ற ஊரில் வசதி படைத்த ஒரு பெண்மணி இருந்தாள். இறைவாக்கினர் எலிசா அவ்வழியே செல்லும்போதெல்லாம் அவள் இல்லத்தில் உணவருந்துவார். அவர் தங்குவதற்கு மாடியில் ஒரு சிறு அறை கட்ட வேண்டுமென்று அவள் விரும்பினாள். ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, இவ்வளவே அவள் திட்டம். ஆனால் ஆள் வைத்து வேலையைத் தொடங்குமுன் அவள் தன் கணவனிடம் பேசினாள். தேவை உண்மையானது, கட்டடம் தேவையளவே ஆனது, கேட்க வேண்டியவரிடம் கேட்கப்பட்டது. பழைய வீட்டில் புது அறை சேர்க்க நினைப்போர்க்கு இதைவிடச் சுருக்கமான பாடம் கிடையாது.

மோயீசன் சட்டத்திலும் கட்டட விதி ஒன்று உண்டு என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச் சுவர் எழுப்ப வேண்டும்; யாரேனும் தவறி விழுந்தால் அந்த இரத்தப்பழி அவ்வீட்டின் மேல் வரும் என்று இணைச்சட்ட நூலின் இருபத்திரண்டாம் அதிகாரம் எச்சரிக்கின்றது. வீடு என்னுடையதுதான். ஆனால் அதனருகே நடமாடும் அயலானின் உயிருக்கு நான் பொறுப்பாளி. இன்று நகராட்சிகளும் திட்டக் குழுமங்களும் வைத்திருக்கும் விதிகள் யாவும் இந்த ஒரு கருத்திலிருந்து கிளைத்தவை என்றால் மிகையாகாது.

"அனுமதி தந்தவர் யார்?"

பாபிலோனிய அடிமைத்தனத்திலிருந்து மீண்ட யூத மக்கள் எருசலேம் ஆலயத்தைத் திரும்பக் கட்டத் தொடங்கினர். எதிர்ப்புக் கிளம்பியது, வேலை நின்றது. பாரசீக மன்னன் தாரியுவின் இரண்டாம் ஆண்டில், அதாவது கி.மு. 520-இல், மீண்டும் தொடங்கினர். உடனே மாநில ஆளுநன் தத்னாய் வந்து, கட்டுவதற்கு அனுமதி தந்தவர் யார் என்று கேட்டான். யூதப் பெரியவர்கள் ஓடி ஒளியவில்லை; சண்டைக்கும் போகவில்லை. சைரசு மன்னர் ஆணை தந்திருக்கிறார், தேடிப் பாருங்கள் என்றனர். ஆவணங்கள் தேடப்பட்டன. எக்பத்தானா நகர அரண்மனையில் அந்தச் சுருள் அகப்பட்டது. அதில் என்ன எழுதியிருந்தது? உயரம் அறுபது முழம், அகலம் அறுபது முழம். பெருங்கற்கள் மூன்று வரிசை, மரம் ஒரு வரிசை. செலவு அரச கருவூலத்தைச் சேர்ந்தது. அளவு, கட்டுமானப் பொருள், செலவு! இன்று நம் என்ஜினீயர் வரைந்து தருகிற பிளானில் இருப்பவையும் இவைதாமே. தாரியுவின் ஆறாம் ஆண்டில், கி.மு. 515-இல், ஆலயம் நிறைவுற்றது. எழுதி வைத்த ஓர் அனுமதி, தந்த அரசன் மறைந்த பின்னரும் அந்த மக்களைக் காத்தது. தாள்களைப் பத்திரமாக வைத்திருப்பதும் ஒரு புண்ணியம்தான் என்று இதனை வாசிக்கும்போது எனக்குத் தோன்றுவதுண்டு.

கி.மு. 445-இல் நெகேமியா எருசலேமின் மதிலைக் கட்டப் புறப்பட்டபோதும் மன்னனிடம் கடிதங்கள் கேட்டு வாங்கினார். ஆளுநர்களுக்கு ஒரு கடிதம். அரச வனத்தைக் காத்த ஆசாபுக்கு ஒரு கடிதம். கோட்டை வாயிலுக்கும் நகர மதிலுக்கும் மரம் கேட்டவர், தாம் குடியிருக்கப் போகும் வீட்டிற்கும் சேர்த்தே கேட்டார். பொதுப் பணி செய்யப் போகிறவன்தானே, என் வீட்டுக்கு மரம் வெட்ட யாரைக் கேட்க வேண்டும் என்று அவர் எண்ணவில்லை.

திருச்சபையும் கேட்கிறது

ஒரு பங்குத்தந்தை நினைத்தவுடன் கோவிலை இடித்துக் கட்டிவிட முடியும் என்று சிலர் கருதுகின்றனர். அது உண்மையன்று. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215-ஆம் எண், மறைமாவட்ட ஆயரின் எழுத்து மூலமான இசைவு இல்லாமல் எந்தக் கோவிலும் கட்டப்படலாகாது என்கிறது. ஆயரும் தம் விருப்பப்படி இசைவு தந்துவிட முடியாது. குருக்கள் மன்றத்தைக் கேட்க வேண்டும். அண்டைக் கோவில்களின் பொறுப்பாளர்களையும் கேட்க வேண்டும். கடவுளின் இல்லம் கட்டுவதற்கே அண்டை வீட்டாரைக் கேள் என்று சட்டம் சொல்கிறது! அடுத்த 1216-ஆம் எண், கட்டுவதிலும் பழுது பார்ப்பதிலும் வல்லுநரின் ஆலோசனையைக் கேட்கச் சொல்கிறது. விலைமதிப்புள்ள பழைய திருவுருவங்களைப் புதுப்பிப்பதற்குக்கூட எழுத்து மூலமான இசைவு வேண்டும் என்பது 1189-ஆம் எண்.

1963-ஆம் ஆண்டு டிசம்பர் 4-ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டு ஏட்டில் ஓர் அரிய கருத்து உண்டு. திருச்சபை எந்த ஒரு கலைப்பாணியையும் தனக்கே உரியதென்று கொண்டதில்லை. ஒவ்வொரு காலத்தின், ஒவ்வொரு மக்களின் கலையையும் ஏற்று வந்திருக்கிறது. அந்தக் கலைச்செல்வத்தைக் கவனமாகக் காக்க வேண்டும் என்பதே அது. அடுத்த ஆண்டிலேயே, 1964-இல், உலக நாடுகளின் கட்டடக்கலை வல்லுநர்கள் வெனிஸ் நகரில் கூடிப் பழங்கட்டடங்களைப் பேணுவதற்கான சாசனம் ஒன்றை வகுத்தனர். பழைய கட்டடத்தில் எதையாவது சேர்த்தால், அதன் சிறப்பான பகுதிகளும் சுற்றுப்புறமும் கெடாதபடி சேர்க்க வேண்டும். கட்டாயமாகச் செய்யும் புது வேலை பழையது போல் நடிக்காமல் தன் காலத்து முத்திரையைத் தாங்கட்டும் என்றது அச்சாசனம். பழையதைக் காப்பாற்று, புதியதற்கு அஞ்சாதே என்பதில் சங்கமும் சாசனமும் ஒன்றுபடுகின்றன.

கேளாமல் செய்ததன் விலை

இனி நம் ஊருக்கு வருவோம். 1674-இல் பிரெஞ்சுக்காரர் பிரான்சுவா மார்த்தேன் இங்கு குடியேற்றத்தை அமைத்தார். 1693-இல் டச்சுக்காரர்கள் ஊரைக் கைப்பற்றி, தெருக்களை நேர்கோடுகளாகத் திட்டமிட்டனர். 1699-இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியபோது அவர்கள் அத்திட்டத்தை அழிக்கவில்லை, அதன்மேல் கட்டினர். இன்று நாம் நடக்கும் நேரான தெருக்கள் பகைவர் வரைந்த கோடுகள். பகைவன் செய்ததிலும் நல்லதை வைத்துக்கொள்ளத் தெரிந்தவர்களால்தான் ஓர் ஊர் அழகு பெறுகிறது.

ஆனால் வேறொரு நிகழ்ச்சியையும் நாம் மறைக்கக் கூடாது. 1748-இல், துய்ப்ளே ஆளுநராயிருந்தபோது, இயேசு சபையாரின் சின்னப்பர் கோவிலுக்கு அருகிலிருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதனை வேதனையோடு பதிவு செய்துள்ளார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1761-இல், ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையையும் வெள்ளையர் பகுதியையும் தரைமட்டமாக்கினர். அப்போது நம் சின்னப்பர் கோவிலும் வீழ்ந்தது. அவ்விடத்தில் இன்று நிற்கும் சம்பா கோவில், நம் பேராலயம், 1791-இல் நிறைவு பெற்றது. ஈசுவரன் கோவிலும் பின்னர் வேறோரிடத்தில் எழுந்தது. இரு சமயத்தாரும் இன்று ஒரே ஊரில் அன்போடு வாழ்கிறோம். எனினும் அயலாரின் மனத்தை மிதித்து விரிவடைந்த எந்த இடமும் அமைதியைத் தராது என்பதை அந்த 1748 நமக்கு நினைவூட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் இதைச் சொல்லத் தயங்கலாகாது.

அந்த நாட்குறிப்பாளரின் மாளிகையே நாம் பேசும் பொருளுக்கு நல்ல எடுத்துக்காட்டு. 1761-ஆம் ஆண்டின் அழிவுக்குத் தப்பிய மிகச் சில கட்டடங்களுள் ரங்கப்பிள்ளை தெருவில் உள்ள அம்மாளிகையும் ஒன்று. கீழ்த்தளம் முற்றமும் மரத்தூண்களுமாகத் தமிழர் முறையில் உள்ளது. மேல்தளம் வெண்ணிறத் தூண்களோடு பிரெஞ்சு முறையில் உள்ளது. ஒன்றின் மேல் ஒன்றாக இரு மரபுகள் அமர்ந்திருந்தும் ஒன்றையொன்று நசுக்கவில்லை. பழைய வீடு மாறவே கூடாது என்போர்க்கும், பழையது எதற்கு என்போர்க்கும் அந்த மாளிகையே விடை கூறுகிறது.

சட்டம் வந்த வழி

நம் நாட்டில் பழங்கட்டடங்களைக் காக்கும் சட்டம் கர்சன் பிரபு காலத்தில், 1904-இல் வந்தது. விடுதலைக்குப் பின் 1958-இல் மத்திய அரசின் புதிய சட்டம் வந்தது. 2010-இல் அது திருத்தப்பட்டு, தேசிய அளவில் பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி நூறு மீட்டர் வரை புதுக் கட்டடம் கூடாதென்றும், அதற்கப்பால் இருநூறு மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டுமென்றும் உறுதியாயிற்று. நூறு மீட்டருக்குள் ஏற்கெனவே இருக்கும் வீட்டைப் பழுது பார்க்க வழி உண்டு. அதற்கும் அனுமதி வேண்டும். மாமல்லபுரம் போன்ற ஊர்களில் உறவினர் உள்ளவர்கள் இச்சட்டத்தின் கடுமையை அறிவார்கள்.

ஆனால் இவை பெருஞ்சின்னங்களுக்கான சட்டங்கள். நாம் வாழும் வீடுகளின் கட்டட அனுமதி, ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் வருகிறது. தமிழகத்தில் அது 1971-ஆம் ஆண்டுச் சட்டம். புதுச்சேரியில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம். அதன்படி அமைந்த திட்டக் குழுமம் பிளானைப் பார்த்து அனுமதி தருகிறது. பழம்பெருமை வாய்ந்த கட்டடமாயின் முகப்பு, உயரம், கூரை, திண்ணை, தெருத் தாழ்வாரம் ஆகியவற்றைப் பற்றிய கேள்விகள் கூடுதலாக எழும்.

பிளானில் ஒரு மரபு உண்டு. புதிதாகக் கட்டுவதைச் சிவப்பிலும், இடிக்கப் போவதை மஞ்சளிலும் காட்டுவார்கள். என் எளிய ஆலோசனை இதுதான்: என்ஜினீயர் பிளானைக் கொண்டுவந்து விரிக்கும்போது முதலில் மஞ்சளைப் பாருங்கள். மஞ்சள் அதிகமாயிருந்தால், தாளைத் திருப்பிக் கொடுத்து இன்னொரு முறை யோசிக்கச் சொல்லுங்கள்.

வீட்டின் சுபாவம்

பழைய வீட்டிற்கும் ஒரு சுபாவம் உண்டு. அதன் சுவர் செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும். வெயிலில் அதை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். சுவர் உள்ளிருந்தே பொரிந்து உதிரும். மேலே தேக்குக் கட்டைகளை அடுக்கி, சிறு செங்கற்களைக் குத்துவாட்டில் சுண்ணாம்பில் பதித்த மெட்ராஸ் டெரஸ் தளம். அது தன் பாரத்தைத் தாங்குமேயன்றி, அதன்மேல் நாம் ஏற்றும் கான்கிரீட் மாடியைத் தாங்காது. முற்றத்தை மூடி அறையாக்கினால் ஓர் அறை கிடைக்கும். ஆனால் நான்கு அறைகளின் காற்றும் வெளிச்சமும் போய்விடும். ஆகவேதான் விவரம் தெரிந்த மேஸ்திரிகள், புது அறையும் குளியலறையும் பின்கட்டில், தனி அஸ்திவாரத்தில் நிற்கட்டும் என்பார்கள். தெருவிலிருந்து பார்ப்பவனுக்குத் தாத்தாவின் வீடு தெரியும். உள்ளே பேரனுக்கு வசதியும் கிடைக்கும்.

கவனியாமல் விட்ட கட்டடம் என்னவாகும் என்பதை 2014-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் கண்டோம். கடற்கரையில் கம்பீரமாய் நின்ற மேரி கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. பழைய தோற்றத்திலேயே மீண்டும் கட்டப்பட்டு அது 2021-இல் திறக்கப்பட்டது. அரசால் அது முடிந்தது. நம் வீடு விழுந்தால் நமக்கு அவ்வாறு கட்டித் தருவார் யார்?

நல்ல முன்மாதிரியும் நம் ஊரிலேயே உண்டு. வைசியாள் தெருவில், ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு, இத்தாலியின் ஊர்பினோ நகரும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோ நகரும் துணை நிற்க, 2002 முதல் 2004 வரை வீட்டு முகப்புகளும் தெருத் தாழ்வாரங்களும் செப்பனிடப்பட்டன. 2008-இல் அத்தெரு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதைப் பெற்றது. அங்கே குடியிருந்தவர்களை வெளியேற்றி அத்தெருவைக் காட்சிச் சாலையாக்கவில்லை. மக்கள் வாழும் தெருவாகவே அது காக்கப்பட்டது. அதுவே அதன் சிறப்பு.

குடும்பத்தினரின் கையெழுத்து

அலுவலகத்தில் தாமதம் என்று நாம் குறை கூறுகிறோம். அக்குறையில் நியாயம் உண்டு. ஓர் அறைக்காக மாதக்கணக்கில் அலைய வைத்தால், ஏழை மனிதன் இரவோடு இரவாகக் கட்டிவிடுவான். அல்லது விற்றுவிட்டுப் போய்விடுவான். இரண்டிலும் பழைய வீடே சாகிறது. காக்க வேண்டும் என்று சட்டம் செய்வோர், வாழவும் வழி விட வேண்டும். ஆள் வாழாத வீடு, எத்தனை பாதுகாப்புப் பட்டியலில் இருந்தாலும், கரையானுக்கே சொந்தம்.

ஆயினும் பல வீடுகளில் கோப்பு அலுவலகத்தில் நிற்பதில்லை, குடும்பத்திலேயே நின்றுவிடுகிறது. தாத்தா பெயரில் பத்திரம். பாகப்பிரிவினை ஆகவில்லை. அண்ணன் தம்பி ஐவர். பிரான்சில் ஒருவர், சென்னையில் இருவர். ஒருவருடைய கையெழுத்து வராததால் ஒழுகும் தளத்தை மாற்ற முடியாமல் பத்து மழைக்காலம் கழிகிறது. முடிவில் மனம் வெறுத்து விற்கிறார்கள். வீடு விடுதியாகிறது. வெளியூரார் வந்து தங்கி, அழகான வீடு என்று புகைப்படம் எடுத்துச் செல்கிறார்கள். ஆனால் ஞாயிறு காலை அந்தக் கதவைத் திறந்துகொண்டு பூசைக்கு வர அங்கே குடும்பம் இல்லை. ஒரு பங்குக் குருவின் கவலை இதுதான். சுவர் நிற்கிறது, குடும்பம் போய்விட்டது.

ஆதலால் அனுமதி கேட்பது முதலில் வீட்டுக்குள்ளே தொடங்கட்டும். சூனேம் பெண்மணி கணவனைக் கேட்டது போல, அண்ணன் தம்பியைக் கேட்கட்டும். தம்பி அக்காளைக் கேட்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம். அடுத்த வீட்டாரிடம், உங்கள் சுவரருகே வேலை தொடங்குகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். பிறகு அலுவலகம். இவ்வளவும் முடிந்து, புதிய அறையை மந்திரிக்க என்னை அழைக்கும்போது, பிளானுக்கு அனுமதி வாங்கியாயிற்றா என்று நான் கேட்டால் வருந்தாதீர்கள். தீர்த்தம் தெளிப்பவன் இதையும் கேட்கலாம்.

யூபிலியும் வீடும்

நாம் யூபிலி கொண்டாடுகிறோம். யூபிலி என்ற சொல் வந்த லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் வீடுகளைப் பற்றியும் பேசுகிறது என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. மதில் சூழ்ந்த நகரில் வீட்டை விற்றவன் ஓராண்டுக்குள் அதனை மீட்டுக்கொள்ளலாம். தவறினால் அது வாங்கியவனுக்கே நிலைத்துவிடும். யூபிலி ஆண்டிலும் திரும்பி வராது. மதிலில்லாத சிற்றூர் வீடுகளோ யூபிலியில் உரியவனிடம் திரும்பும். நகரத்து வீடு ஒருமுறை கைவிட்டுப் போனால் போனதுதான் என்ற உண்மையை அன்றே அச்சட்டம் அறிந்திருந்தது. நாமும் நகரத்தில் வாழ்கிறோம்.

அதே அதிகாரத்தில் ஆண்டவர் இன்னொன்றும் சொல்கிறார்: நிலம் அவருடையது, நாம் அவரிடம் தங்கியிருக்கும் அந்நியரும் விருந்தினருமே. பத்திரத்தில் யார் பெயர் இருந்தாலும், நாம் அனைவரும் குடியிருப்போர்தாம். நமக்கு முன் குடியிருந்தவர்கள் நமக்கு ஒரு முற்றத்தையும் திண்ணையையும் விட்டுச் சென்றார்கள். நமக்குப் பின் வருகிறவர்களுக்கு நாம் அவற்றோடு ஓர் அறையையும் சேர்த்து விட்டுச் செல்லலாம். ஆனால் அவற்றை எடுத்துவிட்டுச் செல்லலாகாது. இந்த யூபிலி ஆண்டில் நம் பங்கில் நெடுநாளாய்த் தீராமல் கிடக்கும் பாகப்பிரிவினைகளுள் ஒன்றேனும் சமாதானமாகத் தீர்ந்து, ஒரு பழைய வீட்டின் ஒழுகும் தளமேனும் சீராகுமானால், நம் விழா உண்மையான விழாவாகும்.

உங்கள் இல்லங்களையும் அவற்றில் வாழும் யாவரையும் இறைவன் நிறைவாக ஆசீர்வதிப்பாராக!

இயேசுவில் உங்கள்,
பங்குத்தந்தை